கனம் வைத்த இடம்

முப்பிடாதி வீட்டு வாசலுக்கு நேரே தண்டவாளம் அமுங்கியது. ரயில் போனதும் நிமிர்ந்தது. ரயில் கம்பெனியின் சட்டப்படி, நிமிர்ந்துவிட்ட தண்டவாளம் அமுங்கவே இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை அவளுக்கு விளங்கவைக்க ஒரு முழுக் கம்பெனியும் பாடுபட்டது. கடைசிவரை அவளுக்கு விளங்கவில்லை.

கம்பெனியின் பெயர் சாரல் லைட் ரயில்வே. குற்றாலத்துக்குக் குளிக்க வரும் பெரிய மனிதர்கள் தென்காசியில் இறங்கி, மாட்டுவண்டியில் இடுப்பு நோக மேலகரம் வழியாகப் போகிற அவலத்தைக் காணப் பொறாமல் தொடங்கப்பட்டது. அதன் சேர்மன் கனம் ராவ் பகதூர் உலகநாதர். முதலில் போட்ட வரைபடத்தில், பாதை மேலகரத்தை ஒட்டி ஒரு வளைவு வளைந்து மேட்டு நிலத்தில் போயிற்று. மேட்டு நிலத்தில் சேர்மனுடைய மாந்தோப்பு இருந்தது. ‘நம் பாதை எதற்கும் வளைந்து கொடுக்காது’ என்று டைரக்டர்கள் சபை கைதட்டிக்கொண்டே தீர்மானம் போட்டது. நேராகப் போட்டதில் ஆம்பல்குளம் குறுக்கே வந்தது. டைரக்டர்களில் யாருக்கும் அந்தக் குளத்தில் பங்கு இல்லை. ஆகவே தூர்த்தார்கள். காளவாய்ச் சாம்பலும் இடிந்த வீட்டுச் செங்கல்லும் செம்மண்ணும் வண்டி வண்டியாகக் கொட்டி, மேலே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, தண்டவாளத்தை நீட்டினார்கள். குளத்துத் தவளைகள் கரையிலிருந்த முப்பிடாதி வீட்டுக்குள் வந்து கொஞ்ச காலம் குடியிருந்தன. பிறகு நிலைமையை யோசித்துப் பார்த்து வேறு இடம் போய்விட்டன.

முப்பிடாதிக்குப் போக வேறு இடம் இல்லை. குளத்தை நம்பி இருந்த அவர்கள் வயல் காய்ந்தது. அவள் புருஷன் இசக்கியப்பன் மண்வெட்டியைக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டு, குளத்தைத் தின்ற கம்பெனியிடமே போய் வேலை கேட்டான். ஃபயர்மேன் ஆக்கினார்கள். எஞ்சினின் வாயில் கரி அள்ளிப் போடுகிற வேலை. மண் அள்ளிய கைக்குக் கரி அள்ளுவது பெரிய காரியமாக இல்லை.

மத்தியான ரயில் வீட்டைக் கடக்கும்போது அவன் கை அசைப்பான். அவள் வாசலில் நிற்பாள். ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்து வெறித்த ஒரு மத்தியானம், அவள் அவன் கையைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துவிட்டாள். எஞ்சினுக்குக் கீழே தண்டவாளம் கட்டையோடு சேர்ந்து இறங்கியது. கட்டைகளுக்கு அடியிலிருந்து சேறு கொப்பளித்துத் தெறித்தது. எஞ்சினுக்குச் சற்று முன்னால், சக்கரம் இன்னும் தொடாத இடத்தில், தண்டவாளம் தரையை விட்டு மேலே எழும்பிற்று. ரயில் போனதும் எல்லாம் பழையபடி படுத்துக்கொண்டன. ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் இரும்பில் மின்னியது.

சாயங்காலம் கிணற்றடியில் அவன் காதுமடலிலிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“இங்கேருங்க, நம்ம வீட்டுக்கு நேர வரும்போது எஞ்சினு குனியுது.”

“கும்பிடுது ஏட்டி. யாரு வீடு? ஃபயர்மேன் வீடுல்லா?”

“வெளையாடாதிய. நார்க்கட்டில்மேல பலகையப் போட்டு ஒரு ஆளு உக்காந்தா எப்படி இருக்கும்? அதுமாதி அமுங்குது. முன்னால தூக்குது. சேறு வேற கக்குது.”

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். வாளித் தண்ணீரில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டிரைவரு ஏசுதாசன் அண்ணாச்சிக்கும் தெரியும். அங்கன வரும்போது அவரு ஜெபம் சொல்லுதாரு. நான் மாடனை நெனைச்சுக்கிடுதேன். ரெண்டு சாமியும் சேந்து தாண்ட வச்சிருதாவ.”

“ஆபீசுல சொல்லலியா?”

“அண்ணாச்சி சொன்னாரு. தண்டவாளத்தைப் பத்தி இழிவாப் பேசினேன், இனிமே பேச மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டானுவ. கம்பெனி ஆளு கம்பெனியக் குத்தம் சொல்லப்படாதாம்.”

“நான் கம்பெனி ஆளு இல்லைல்லா?”

“நீ சொன்னா எடுப்பானுவளாக்கும்.”

“எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டிப் போகட்டும். நீங்கல்லா அதுமேல போறிய.”

அவன் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

கம்பெனி ஆபீஸ் தென்காசியில் இருந்தது. ஹெட் கிளார்க் நம்பிராஜன், எல்லாருக்கும் அண்ணாச்சி. சேர்மன் ஒரு வருஷமாகத் தாய்மொழிப் பற்றில் இருந்ததால் கம்பெனியின் சட்டங்கள் எல்லாம் தமிழில் இருந்தன. அவற்றைத் தமிழர் யாருக்கும் புரியாதபடி எழுதியவர் நம்பிராஜன்தான்.

“என்ன தாயி?”

“தண்டவாளம் அமுங்குதுய்யா.”

“இப்பவா?”

“இப்ப இல்ல. ரயில் வரும்போது.”

“போனதுக்கப்புறம்?”

“நிமிந்துக்கிடுது.”

“நிமிந்துக்கிடுதுல்லா? பெறகு என்ன? கம்பெனி சட்டம் என்ன சொல்லுது? ‘மீண்டு வருவது வளைவாகாது.’ நீ கோயிலுக்குப் போயி விழுந்து கும்பிடுத. எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருத. முப்பிடாதி விழுந்துட்டான்னு ஊருல சொல்லுதாவளா?”

அவளுக்கு ஏதோ தப்பாக இருப்பது தெரிந்தது. எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

“அது கெடக்கட்டும். ரயில் வரும்போது நீ ஏன் தண்டவாளத்தைப் பாத்த? ரயில் வரும்போது வெளியாட்கள் லைனை நோக்கலாகாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமா?”

“அப்பம் யாருதான் பாக்குறது?”

“கம்பெனி ஆளு பாக்கலாம்.”

“அவுக பாத்தாச் சொல்லலாமா?”

“சொல்லக் கூடாது.”

இந்த விளக்கத்தால் அவர் முகமே தெளிந்துவிட்டது. அவளுடைய புகாரை மரியாதையாக எழுதி எடுத்துக்கொண்டு, அதன்மேல் வேறு புகார்களை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கல்லை வைத்தார். தண்டவாளத்தைப்போல் அது நிமிரவில்லை.

முப்பிடாதி திரும்பத் திரும்பப் போனாள். சந்தைக்குப் போகிற நாளெல்லாம், வரும் வழியில் ஆபீஸ் படிக்கட்டில் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்துகொள்வாள். சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். டிக்கெட் வாங்க வருகிறவர்கள், “என்னம்மா இங்கன உக்காந்திருக்க?” என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். கேட்டவர்களில் சிலர் அப்படியே திரும்பி மாட்டுவண்டிப் பேட்டைக்குப் போனார்கள். அதன் பிறகே மண்ணின் குணத்தைப் பற்றிக் கம்பெனிக்கு ஆழ்ந்த அக்கறை பிறந்தது.

பரிசோதனைக்குச் சித்திரை மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மழைக்காலத்தில் பரிசோதனை செய்தால் அதிகாரிகளின் பூட்ஸ் சேறாகிவிடும். ரத்தினம் என்கிற இளம் இஞ்சினீயர், நான்கு ஆட்கள் தள்ளும் டிராலியில் குடையோடு வந்து சேர்ந்தார். குளம் இருந்த இடம் காய்ந்து ஓடாக இருந்தது. டிராலி நின்றது. தண்டவாளம் அமுங்கவில்லை.

“பாத்தியாம்மா? பாறை மாதிரி இருக்கு.”

“இதுக்கு அமுங்காதுய்யா. மழையில எஞ்சினு வரணும்.”

“எஞ்சின் வரும்போது டிராலி லைன்ல இருக்கக் கூடாது. சட்டம்.”

“எறங்கி நின்னு பாருங்களேன்.”

“இறங்கி நின்னு பாக்கிறது பரிசோதனை ஆகாது. டிராலியில இருந்து பாக்கிறதுதான் பரிசோதனை.”

அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிராலிக்காரர்கள் இருமிப் பார்த்தார்கள். ரத்தினம் குடையை மடக்கினார், விரித்தார். பிறகு ஆட்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். ஒரு அதிகாரி இப்படிப் பேசுவது சட்டத்தில் எங்கும் இல்லை.

“உன் வீட்டுல நார்க்கட்டில் இருக்கா?”

“இருக்கு.”

“அதுமேல ஒரு நீளப் பலகையப் போட்டு நடுவுல உக்காந்தா, நடு இறங்கும். ரெண்டு பக்கமும் தள்ளி ஒரு இடத்துல பலகை மேல எழும்பும். கயிறு இறங்கின அளவுக்குத் தக்கபடி எதுத்துத் தள்ளும். எந்திரிச்சா நிமிந்துரும். மெத்துத் தரைக்கு இதுதான் குணம். இதுக்குக் கணக்கு இருக்கு. மெட்ராஸ்ல படிச்சேன்.”

“இங்கனைக்கும் போட்டியளா?”

“போட்டேன்.”

“என்ன வந்துச்சு?”

“வந்ததை எழுதினா என்னை இங்கேருந்து தூக்கிருவாங்கம்மா. எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு.”

“எனக்கும் ஆயிருக்குய்யா. அந்தக் கயிறு என்னைக்காவது அத்துப்போனா? எறங்கினது எழும்பாமப் போனா?”

ரத்தினம் நிமிர்ந்தார். முகத்தில் அதிகாரியின் களை மறுபடி வந்தது.

“அப்போ அது சட்டப்படி வளைவு. உடனே நடவடிக்கை எடுப்போம்.”

இருந்தாலும் அவர் மனசு கேட்கவில்லை. அறிக்கையின் கடைசியில், தம் உத்தியோக வாழ்வின் துணிச்சலான ஒரே வாக்கியத்தை எழுதினார்: ‘சந்தேகம் தீர, உரிய கனத்தை லைனில் வைத்துப் பரிசோதிப்பது நலம்.’ மழையில் நனைந்த மண்ணின் மேல் எஞ்சின் பாரத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறோம் என்று அவர் நினைத்தார். எழுதி அனுப்பிவிட்டு லீவில் ஊருக்குப் போனார்.

அறிக்கை நம்பிராஜனிடம் வந்தது. அந்த ஆபீஸில் ‘கனம்’ என்ற சொல் ஒரே இடத்தில்தான் வழங்கும்: சேர்மன் பெயருக்கு முன்னால். நம்பிராஜன் வாக்கியத்தை ஒரு முறைக்கு இரு முறை படித்தார். உரிய கனம். லைனில் வைத்து. அவருக்குப் புல்லரித்தது. இவ்வளவு பணிவுள்ள இஞ்சினீயரை அவர் பார்த்ததில்லை. அன்றே சேர்மனுடைய சௌகரியத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். ஆம்பல்குளத்தின் மேல் பந்தல் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, நாதசுரம் வைத்தார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே தேக்குப் பலகை. பலகைமேல் ஜரிகைத் துணி போர்த்திய நாற்காலி. கம்பெனி ஊழியர்கள் எல்லாரும் குளித்துக் கரி போக்கி வரிசையில் நிற்கவேண்டும் என்று உத்தரவு. இசக்கியப்பனும் ஏசுதாசனும் அடையாளம் தெரியாத சுத்தத்தில் நின்றார்கள்.

கனம் ராவ் பகதூர் உலகநாதர் காரிலிருந்து இறங்கினார். முருங்கைக்காய்க்குத் தலைப்பாகை கட்டியதுபோல் இருந்தார். இரண்டு பேர் கைகொடுத்து நாற்காலியில் ஏற்றினார்கள். மேளம் முழங்கியது. ஊழியர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த மசூது முப்பிடாதியிடம் மெதுவாகச் சொன்னான்: “யக்கா, நாற்காலியே இவரைவிடக் கனம் கூட இருக்கும்போல இருக்கே. அதையாவது நல்லா அழுத்தி வைக்கச் சொல்லுங்க.”

முப்பிடாதி நம்பிராஜனிடம் போனாள். “ஐயா, எஞ்சினுல்லா வைக்கணும்?”

“எஞ்சினா?” அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். “ஏம்மா, எஞ்சினுக்கு என்ன கனம் இருக்கு? ராவ் பகதூர் பட்டம் உண்டா? சட்டசபையில நாற்காலி உண்டா? கரி தின்னுட்டு ஊளையிடுத சாமானை அவுகளோட சேத்துப் பேசுதியே!”

சேர்மன் உட்கார்ந்தபடியே பேசினார்.

“மகா ஜனங்களே! இந்தத் தண்டவாளம் வளைகிறது என்று யாரோ ஒரு அம்மாள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் கோபப்படவில்லை. பாமர ஜனங்களுக்கு எல்லாம் வளைவதுபோல்தான் தெரியும். ஏனென்றால் அவர்கள் கீழே நின்று பார்க்கிறார்கள். மேலே அமர்ந்து பார்க்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உத்தரம் என்கிறோம், உத்தரவு என்கிறோம். கடைசி எழுத்துத்தான் வித்தியாசம். உத்தரம் வளையலாம், உத்தரவு வளையாது. இது இரும்பின் பலத்தால் நிற்கும் பாதை அல்ல. கம்பெனியின் உத்தரவால் நிற்பது. மண்ணைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். மண் கீழே கிடப்பது எதற்காக? மிதிபடத்தானே! மேலே எத்தனை பாரம் ஏறினாலும் வாயைத் திறக்காமல் தாங்குவதுதான் அதன் தர்மம். என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் மண்ணின் மேல்தான் இருந்து வருகிறது. ஒரு நாளும் அது முறையிட்டதில்லை. இந்த நற்குணத்தை ஊழியர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்!”

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. ஊழியர்களும் தட்டினார்கள். இசக்கியப்பன் தட்டுவதை முப்பிடாதி பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

‘உரிய கனம் ஏற்றப்பட்டது. லைன் அசையவில்லை’ என்று கோப்பு முடிந்தது. கனம் வைத்த இடத்தின் ஓரத்தில், முப்பிடாதி வாசலுக்கு எதிரே, ஆள் உயரக் கருங்கல் ஒன்றை நட்டார்கள். அதில் மேலிருந்து கீழாக வெட்டியிருந்தது:

கனம்
ராவ் பகதூர் உலகநாதர்
இவ்விடம் அமர
இரும்பும் மண்ணும்
அசையாது நின்றன

லீவு முடிந்து வந்த ரத்தினம் கல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் டிராலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தள்ளச் சொன்னார்.

சட்டத்தில் இருந்த ஒரு ஓட்டையையும் கம்பெனி அடைத்தது. அந்த அம்மாள் ரயில் வரும்போது லைனைப் பார்ப்பதால்தானே வீண் பேச்சு? அவள் வாசலுக்கும் லைனுக்கும் நடுவே உயரமாக ஓலைத்தட்டி கட்டிவிட்டார்கள். கல்லை மட்டும் தட்டிக்கு இந்தப் பக்கம், அவள் கண்ணில் படும்படி விட்டிருந்தார்கள். அவளைத் திருத்துவதற்கு அது உதவும் என்று நம்பிராஜன் சொன்னார்.

இப்போது இசக்கியப்பன் கை அசைப்பது அவளுக்குத் தெரியாது. அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டைக் கடக்கும்போது சின்னக் கரித்துண்டு ஒன்றைத் தட்டிக்கு மேலாக எறிவான். அது முற்றத்தில் வந்து விழும். அவன் போகிறான் என்று அர்த்தம். முப்பிடாதி அதை எடுத்து அடுப்போரம் போட்டுவைப்பாள். பார்க்க முடியாததைக் கேட்கக் காது பழகிக்கொண்டது. முதலில் கரித்துண்டு. அடுத்து மண் அமுங்குகிற சத்தம், யாரோ ஈர மெத்தையில் முழங்கால் ஊன்றுவதுபோல. ரயில் தள்ளிப் போனதும் ‘சளக்’ என்று கட்டைகள் நிமிர்கிற சத்தம். அந்தச் சளக் கேட்டதும் அவள் உள்ளே போவாள்.

ஆனி பிறந்தது. கணவாய்க் காற்று வந்தது. சாரல் இரவும் பகலும் பூவாகத் தூவிக்கொண்டே இருந்தது. இந்தச் சாரலுக்குத்தான் ஊர் உலகமெல்லாம் குற்றாலம் வருகிறது. கொட்டிப் போகிற மழையை மண் தள்ளிவிடும். தூவுகிற மழையை உறிஞ்சி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சளக் சத்தம் நாளுக்கு நாள் தாமதமாக வந்தது.

ஆடியில் டைரக்டர்களின் விருந்தினர்களுக்காக ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். புதிய பெரிய எஞ்சின். உள்ளே சோபாவும் கண்ணாடியும் வைத்த கனத்த வண்டி. எண்ணெய் தேய்ப்பவர்களும் பன்னீர்ச் சொம்புகளும் தனிப் பெட்டியில். சேர்மன் முன்னேற்பாடுகளைக் கவனிப்பதற்காகக் காரில் போய்விட்டார்.

அன்று காலை இசக்கியப்பன் கஞ்சி குடித்துவிட்டு எழுந்தபோது முப்பிடாதி சொன்னாள்: “இன்னைக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு படுத்துக்கிடுங்களேன்.”

“ஸ்பெஷலுக்கு வராதவன் பெறகு வரவேண்டாம்னு சொல்லிட்டான் ஏட்டி.”

“வேண்டாம்னா வேண்டாம். மண்ணு இருக்கு.”

“எங்க இருக்கு மண்ணு? நம்ம மண்ணுமேலதான் லைனு கெடக்குல்லா.” சிரித்தான். “புது எஞ்சினு. பெரிய துண்டாப் பாத்து எறியுதேன், ரெண்டு வேளை சோறு பொங்கலாம்.”

கரித்துண்டு சொன்னபடியே பெரிதாக இருந்தது. தட்டியைத் தாண்டி வந்து முற்றத்து ஈரத்தில் புதைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்து நின்றாள். அமுங்குகிற சத்தம் கேட்டது. நீளமாகக் கேட்டது.

நிமிர்கிற சத்தம் கேட்கவில்லை.

ஓலைத்தட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. அதன் பின்னால் எஞ்சின் பக்கவாட்டில் குளத்துக்குள் படுத்திருந்தது. ஆம், குளம். ஒரு வருஷமாக மேலே கிடந்த செங்கல்லையும் சாம்பலையும் பிளந்துகொண்டு கறுப்புச் சேறு எஞ்சினின் பாதி உடம்பு வரைக்கும் எழும்பியிருந்தது. கண்ணாடி வண்டி கொக்கி அறுந்து லைனிலேயே நின்றது. விருந்தினர்கள் நனைந்ததைத் தவிர வேறு சேதமில்லை. ஏசுதாசன் தூக்கி எறியப்பட்டு, கால் முறிந்து வரப்பில் கிடந்தார். “இசக்கி உள்ள இருக்கான், இசக்கி உள்ள இருக்கான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரார் கையால் சேற்றைத் தோண்டினார்கள். இருட்டும் நேரத்தில் அவனை எடுத்தார்கள். முப்பிடாதி அவன் காதுமடலிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். அதன் அடியில் கரி இருந்தது. அதையும் துடைத்தாள்.

விசாரணைக் கமிட்டிக்குச் சேர்மனே தலைவர். குற்றாலத்தில் சீசன் முடிவதற்குள் விசாரணையை முடித்துவிட வேண்டும் என்பதில் அங்கத்தினர்கள் உறுதியாக இருந்தார்கள். ரத்தினத்தைக் கூப்பிட்டார்கள்.

“லைன் வளைந்திருக்கிறதா?”

“வளைந்திருக்கிறது.”

“மீளுமா?”

“மீளாது.”

“அப்படியானால் சட்டப்படி இதுதான் முதல் வளைவு. இதற்கு முன் வளைவே இல்லை. சரிதானே?”

ரத்தினம் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். “சட்டப்படி சரி” என்றார்.

அடுத்து முப்பிடாதி.

“லைன் அமுங்கியதை அன்றைக்கு உன் கண்ணால் பார்த்தாயா?”

“தட்டி வச்சிருந்தியளே.”

“பார்த்தாயா, இல்லையா?”

“கேட்டேன்.”

“கேள்விப்பட்டது சாட்சியம் ஆகாது” என்று தள்ளினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்த பெருமை நம்பிராஜனைச் சேர்ந்தது. முப்பிடாதியின் அடுப்போரம் கிடந்த கரித்துண்டுகளை ஒரு கூடையில் வாரிவந்து மேஜைமேல் கொட்டினார். கமிட்டி தீர்ப்பு எழுதியது: ஃபயர்மேன் இசக்கியப்பன் கம்பெனிக் கரியை நாள்தோறும் தன் வீட்டுப் பக்கமாக எறிந்துவந்திருக்கிறான். எறிபவன் எறியும் பக்கம் சாய்வது இயற்கை; அவன் சாய்ந்தபடியால் எஞ்சினும் அந்தப் பக்கம் சாயப் பழகிவிட்டது. விபத்துக்கு அவனே பொறுப்பு. ஆனாலும் கம்பெனி இரக்கமுள்ளது. கரியின் விலையை விதவையிடம் கேட்காது. விதவைக்கு ஆயுள் முழுவதும் சாரல் ரயிலில் இலவசமாகப் போய்வரப் பாஸ் கொடுக்கும்.

குளத்தில் மறுபடி செம்மண் கொட்டினார்கள். புதுத் தண்டவாளம் வந்தது. தட்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ரயில் ஓடியது.

அதற்குப் பிறகு முப்பிடாதி ஆபீஸ் படிக்கட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைத்துவந்து சேர்மன் கல்லின் அடியில் ஊற்றினாள். முன்னும் பின்னும் சுற்றிவந்து சீராக ஊற்றினாள். மத்தியானம் ஒரு தடவை. பொழுது சாய ஒரு தடவை. மழை நாளிலும் விடவில்லை.

டிராலிக்காரர்கள் பார்த்துவந்து சொன்னார்கள். நம்பிராஜன் நேரில் வந்து பார்த்துக் கண் கலங்கினார். செய்தி சேர்மனுக்குப் போயிற்று. ஆண்டுக் கூட்டத்தில் அவர் சொன்னார்: “எந்த அம்மாள் லைன் வளைகிறது என்றாளோ, அதே அம்மாள் இன்று நம் கல்லுக்கு அபிஷேகம் செய்கிறாள். எதிர்த்த மண்ணும் கடைசியில் விசுவாசத்தால் நெகிழ்ந்துவிட்டது!” சபை எழுந்து நின்று கைதட்டியது. அவளுக்கு ஒரு பெரிய பித்தளைக் குடம் பரிசளிக்கத் தீர்மானம் ஆயிற்று. குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது முப்பிடாதி மறுக்கவில்லை. பழைய மண்குடத்தைவிட அதில் தண்ணீர் அதிகம் பிடித்தது.

அடுத்த ஆனியில் சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரத்தினத்தின் டிராலி அந்த வழியாக வந்தது. இந்த முறை அவர் இறங்கினார். தட்டியைச் சுற்றிக்கொண்டு சேற்றில் பூட்ஸ் புதைய வந்து கல்லின் முன்னால் நின்றார். ஆள் உயரமாக இருந்த கல் இப்போது அவர் மார்புக்குக் கீழே இருந்தது. ‘அசையாது நின்றன’ மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. ‘இரும்பும் மண்ணும்’ என்ற வரியில் எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது.

முப்பிடாதி குடத்தோடு வந்தாள். அவரைப் பார்த்தாள். ஊற்றினாள். தண்ணீர் வழிந்து ஓடவில்லை. முழுவதையும் மண் குடித்தது.

ரத்தினம் கல்லின் அடியைப் பூட்ஸால் அழுத்திப் பார்த்தார்.

“மெத்துத் தரைய்யா” என்றாள் அவள். “நீங்கதானே சொன்னிய.”

ரத்தினம் தொப்பியைக் கழற்றினார். “இது இறங்கினா எழும்பாதும்மா.”

“எழும்ப வேண்டாம்” என்றாள். அடுத்த குடத்துக்குக் கிணற்றடிக்குப் போனாள்.